அக்கா படத்துக்கு ஒரு லென்ஸ்

போட்டோ எடுக்கத் தெரியாத எவனும் "எனக்குப் போட்டோ எடுக்க வராது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "லென்ஸ் சரியில்லை" என்றுதான் சொல்வான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கூட்டாளி ஒருவனின் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்கு நெற்றிக்கு மேலே தலையே இல்லை. அவன் ஆல்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தலைப்பாகையை வாடகைக்கு எடுத்துக் கட்டுனேன்டா" என்று அழாத குறையாகச் சொன்னான். "லென்ஸ் அப்படிலா, நான் என்ன செய்ய?" என்றேன். (லென்ஸுக்கு வாய் இருந்திருந்தால் அன்றைக்கே என்னைக் கடித்திருக்கும்.)

காலேஜ் முடித்து, டிப்ளோமாவை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்துவிட்டு, பத்து பெரண்டாம் ஊரில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்த காலம் அது. எனக்கு உட்கார வராது. உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடினால் மேசை ஆடும். "டேய் பாலா, காலை நிறுத்துடா, மீன் கறி தளும்புது" என்று அம்மா கத்தாமல் எங்கள் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்ததில்லை. வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன், பதில் வரவில்லை. கையில் ஒரு பழைய கேமரா இருந்தது. அதனால் என்னைக் கேட்பவர்களிடம் "போட்டோகிராபர்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அந்தக் கேமராவில் எடுக்கும் படங்களில் ஒரு மூலை எப்போதும் லேசாகச் சிவந்திருக்கும். காரணம் அம்மா. எங்கள் வீட்டுக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும், அது வேலை செய்யத் தொடங்குமுன் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாக வேண்டும். பிரிட்ஜுக்கு வைத்தார். என் மோட்டருக்கு ஹெட்லைட்டில் வைத்தார். பரீட்சைக்குக் கொண்டுபோன கால்குலேட்டருக்கு வைத்து, சமன் பொத்தான் ஒட்டிக்கொண்டு, நான் கணக்குப் பாடத்தில் விரல்விட்டு எண்ணினேன். கேமரா வந்த அன்று லென்ஸ் கண்ணாடியில் வைத்த பொட்டைச் சட்டை நுனியால் துடைத்தேன். பாதிதான் போயிற்று. மீதி அங்கேயே குடியிருந்தது.

அப்பா தொழிற்பேட்டையில் பாக்டரி பஸ் ஓட்டினார். நியாலாஸ் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்குப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார். அக்கா வாசுகி அதே பேட்டையில் ஒரு எலெக்ட்ரானிக் பாக்டரியில், நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சில்லுகளில் கீறல் தேடும் வேலை. மயிரிழைக் கீறல் இருந்தாலும் "ரிஜெக்ட்" என்று ஒதுக்கித் தள்ள வேண்டும். அந்த வேலை அவள் வாயோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. அம்மா வைக்கும் ரசம், நான் வாங்கும் சட்டை, அத்தை கொண்டுவரும் மாப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். ரிஜெக்ட்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. நியாலாஸ் தோட்டத்தில் இருந்தார். எங்கள் சாதிசனத்தில் பாதிப் பேரின் கல்யாணம் அவர் பேசி முடித்ததுதான். அந்த முறை அவர் கொண்டுவந்தது சுங்கை பட்டாணி மாப்பிள்ளை. கப்பலில் இன்ஜின் வேலை. கொஞ்ச நாள் லீவில் வீட்டுக்கு வந்திருந்தார். அத்தை காட்டிய படத்தை அக்கா வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தோம். அவள் சொல்லவில்லை. படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பார்க்கலாம் அத்தை" என்றாள். அம்மா சமையல்கட்டுக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இனி பாக்கி ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் போட்டோ கேட்டார்கள்.

"நான் எடுக்குறேன்" என்றேன்.

வீட்டுக்குப் பின்னால் நிற்கவைத்து எடுத்தேன். படம் வந்தது. அக்காவுக்கு ஒரு கண் மூடியிருந்தது. அவள் தோளுக்குப் பின்னால் சமையல் கேஸ் சிலிண்டர் தோங் பளிச்சென்று தெரிந்தது. அதற்கும் பின்னால் பக்கத்து வீட்டு அங்கிளின் கட்டம் போட்ட கைலி காய்ந்தது; கட்டங்களை எண்ணலாம் போல அத்தனை துல்லியம். மூலையில் வழக்கமான சிவப்பு.

"ரிஜெக்ட்" என்றாள் அக்கா.

"லென்ஸ்க்கா. பின்னாடி இருக்குறது எல்லாம் கலங்கணும். முகம் மட்டும் நிக்கணும். அதுக்கு எண்பத்தஞ்சு மில்லி லென்ஸ் வேணும். ஜப்பான்ல புதுசா செஞ்சிக்கிட்டு இருக்கான். மேகசின்ல போட்டிருக்கான். சீக்கிரம் வந்துரும்."

"டவுன்ல ஸ்டுடியோ இருக்குல்ல?" என்றார் அப்பா.

"ஸ்டுடியோவா? அடையாள அட்டை ஐசிக்கு எடுக்குற மாதிரி ரெண்டு காதும் தெரிய எடுத்துக் குடுப்பான்ப்பா! என் அக்கா படத்தை வேற எவனாவது எடுத்தான், நான் கேமராவைத் தூக்கி ஆத்துல போட்டுருவேன்."

"போடேன்" என்றாள் அக்கா.

போடவில்லை. ஸ்டுடியோவுக்கும் யாரையும் போகவிடவில்லை. அத்தை சாயங்காலமானால் தோட்டத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிடுவார். "போட்டோ?" என்பார். அம்மா என்னைப் பார்ப்பார். நான் காலை ஆட்டிக்கொண்டு, "லென்ஸ் வரட்டும்" என்பேன்.

அப்புறம் ஒருநாள் கேமராக் கடைக் கண்ணாடியில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ஆயர் குரோவில் ஒரு ஹோட்டலில் போட்டோ சாமான் கண்காட்சி. இனி வரப்போகும் லென்ஸ்களை முன்கூட்டியே காட்டப்போகிறார்கள். அந்த எண்பத்தைந்து மில்லியும் வருகிறது! மோட்டரை வீட்டு வாசலில் சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"லென்ஸ் வந்துருச்சு! ஞாயித்துக்கிழமை! ஆயர் குரோவுல!"

அது கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பதற்கு மட்டும்தான், கடைக்கு வர இன்னும் மாசக்கணக்காகும் என்பதை நான் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை. எந்தச் சட்டை போடுவது என்ற யோசனையில் மாடிப்படியில் ஏறிவிட்டேன். கீழே போன் அடித்தது, அம்மா அத்தையிடம் சேதி சொல்லும் சத்தம் கேட்டது. அத்தையும் அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுங்கை பட்டாணிக்கு பஸ் ஏறுவதாக இருந்தார். மாப்பிள்ளை அடுத்த வாரம் கப்பலுக்குத் திரும்புகிறார். போட்டோ அத்தை கையோடு போக வேண்டும். போகாவிட்டால் கதை முடிந்தது.

கண்காட்சிக்குத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று போட்டிருந்தது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? போனில் பெயர் கொடுத்தபோது "நியாலாஸ் இன்டர்நேஷனல் போட்டோ ஆர்ட்ஸ்" என்று ஒரு கம்பெனியை நின்ற நிலையில் பெற்றுப் போட்டேன். பதவி? மேனேஜிங் டைரக்டர். (நியாலாஸில் அன்றைக்கு இன்டர்நேஷனலாக இருந்தது பக்கத்து நாட்டிலிருந்து செம்பனைக் குலை வெட்ட வந்த ஆட்கள் மட்டும்தான்.) அப்பாவின் பழைய டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். முடிச்சு போட வேண்டாத, எலாஸ்டிக் வைத்த டை. இந்த எலாஸ்டிக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டல் வரவேற்பு மேசையில் பெயர் போட்ட அட்டையை நெஞ்சில் குத்திவிட்டார்கள். ஹால் வாசலில் யூனிபார்ம் போட்டுக் காவலுக்கு நின்ற மலாய்க்கார ஜாகா ஒருவர் எல்லாருடைய நெஞ்சிலும் இருந்த அட்டையைப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். என் அட்டையைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் படித்தார். "போஸ்?" என்றார், முதலாளியா என்று. "போஸ்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே விட்டார். மேசையில் அட்டையோடு ஒரு பையும் கொடுத்திருந்தார்கள். உள்ளே விளம்பரத் தாள்கள், ஒரு பேனா, அப்புறம் ஒரு அட்டைக் கேமரா. உள்ளேயே பிலிம் வைத்து மூடி, எடுத்து முடித்ததும் கடையில் அப்படியே கொடுத்துவிடுவோமே, அந்த மாதிரி. அதன் லென்ஸ் பிளாஸ்டிக். எனக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே ஏர்கோன் எலும்புவரை குளிர்ந்தது. மேசைக்கு மேசை கண்ணாடிப் பெட்டி. ஒரு பெட்டியில் ஒரு லென்ஸை நடுவே சரிபாதியாக அறுத்து, உள்ளே கண்ணாடி அடுக்கு தெரிய, தர்ப்பூசணி வைப்பதுபோல வைத்திருந்தார்கள். ஹாலின் கோடியில், கயிறு கட்டிய இடத்துக்குள், மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு கேமரா. அதன் முன்னால் அது.

எண்பத்தைந்து மில்லி. கண்ணாடி மட்டும் வடை அகலம் இருக்கும். பச்சையும் ஊதாவுமாக மினுங்கியது.

அதற்கு எதிரே ஒரு சின்ன மேடை, வெள்ளை நாற்காலி, பின்னால் காகிதப் பூக்கள். நாற்காலியில் ஒரு மாடல் பெண் உட்கார்ந்திருந்தாள். வரிசையில் வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் கேமராவில் கண்ணை வைத்து அவளைப் பார்த்துவிட்டு நகர வேண்டும். கம்பெனிக்கார சீனப் பெண் மிஸ் டான் ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்: பார்க்கலாம், படம் எடுக்கக் கூடாது, கேமராவில் பிலிம் இல்லை, இது இன்னும் முழுசாக முடியாத லென்ஸ், இங்கே இருப்பது இது ஒன்றுதான். பக்கத்தில் வெள்ளைக் கையுறை போட்ட ஜப்பான்காரர் ஒருவர், பச்சைக் குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல நின்றார். லென்ஸைச் செய்தவர்களில் ஒருவராம். விமானத்தில் மடியில் வைத்தே கொண்டுவந்தாராம்.

வரிசை நகரவே இல்லை. என் கால் ஆடத் தொடங்கியது. முன்னால் நின்ற சீனக் கிழவர் திரும்பிப் பார்த்து, மலாயில், "தம்பி, டாய்லெட் அந்தப் பக்கம்" என்றார்.

அப்போதுதான் வெளியே அந்த ஹார்ன் கேட்டது. அந்த ஹார்னை நான் எங்கே இருந்தாலும் அடையாளம் கண்டுபிடிப்பேன். விடியற்காலையில் தோட்டத்துச் சனத்தையே எழுப்புகிற ஹார்ன்.

ஹோட்டல் முகப்பில், பளபளவென்று நின்ற கார்களுக்கு நடுவே, அப்பாவின் பாக்டரி பஸ்.

நான் ஓடிப்போய்த் தடுக்குமுன் அவர்கள் வரவேற்பு மேசைக்கு வந்துவிட்டார்கள். முன்னால் அம்மா, கூறைப்புடவை எடுக்கப் போகிற முகத்தோடு. அடுத்து அக்கா, பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை. அவள் பின்னால் அத்தை, சுங்கை பட்டாணிக்குக் கொண்டுபோகும் பையும் முறுக்கு அடைத்த தகரத் தோம்புமாக. கடைசியில் அப்பா. மேசையில் இருந்த பெண் என் அட்டையையும் அவர்களையும் பார்த்துவிட்டு, "சேம் கம்பெனி?" என்று கேட்டாள்.

"யெஸ், யெஸ், சேம் சேம்" என்றார் அம்மா.

ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்துவிட்டாள். நியாலாஸ் இன்டர்நேஷனல் போட்டோ ஆர்ட்ஸில் என் அத்தை இப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தார்.

"என்னம்மா இது? எதுக்கு வந்தீங்க?" என்று பல்லைக் கடித்தேன்.

"நீதானடா சொன்ன, லென்ஸ் வந்துருச்சுன்னு! நீ அதை வீட்டுக்குக் கொண்டாந்து, இவளை உக்கார வெச்சு எடுத்து, எப்பக் கழுவி, எப்ப அத்தைகிட்ட குடுக்குறது? அத்தைக்குச் சாயங்காலம் பஸ்ஸு. அதான் பொண்ணையே இங்க கூட்டியாந்துட்டோம்."

இதில் எந்த இடத்தில் தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

"ஏண்டா, நல்ல சாமானைப் போய் ரெண்டா அறுத்துப் போட்டுருக்கானுங்க?" என்றார் அத்தை, தர்ப்பூசணி லென்ஸைக் காட்டி.

அப்பா என் பையைக் கிளறி அட்டைக் கேமராவை எடுத்தார். "இது என்னடா?"

"அது விளையாட்டுச் சாமான்ப்பா. நீங்களே வெச்சுக்கங்க. எதையாவது அமுக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போங்க."

"எங்க அமுக்கணும்?"

"மேல!"

அப்பா சந்தோஷமாகப் போய்விட்டார். கூரை விளக்கை எடுத்தார். பலகார மேசையில் கறிபாப்பை எடுத்தார். என்னைப் பிடித்து உலுக்கியவர் அத்தைதான். "டேய், அவங்க வீட்டு மேசையில ஏற்கெனவே ரெண்டு பொண்ணு போட்டோ கெடக்குது. இன்னிக்கு நான் வெறுங்கையோட போனா, இவ கதை அவ்வளவுதான். பார்த்துக்க."

நான் அக்காவைப் பார்த்தேன். புடவைக்குப் பொருத்தமாகப் புதுச் செருப்பு போட்டிருந்தாள், குதிகால் சிவந்திருந்தது. அந்த நேரம் மாடல் பெண் சாப்பிட எழுந்து போனாள். நாற்காலி காலி. கூட்டமும் பலகார மேசைப் பக்கம் கலைந்தது. "கால் வலிக்குதுடா" என்று சொல்லிவிட்டு அக்கா கயிற்றைத் தாண்டிப் போய் அந்த வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் தடுக்கவில்லை. அலங்காரத்தைப் பார்த்து அடுத்த மாடல் என்று நினைத்திருப்பார்கள்.

என் முறை வந்திருந்தது. கண்ணை வைத்தேன்.

பின்னால் இருந்த காகிதப் பூக்கள் எல்லாம் கரைந்துபோய் வெறும் நிறமாக நின்றன. நடுவில் அக்கா. வீட்டில் என்னோடு ரிமோட்டுக்குச் சண்டை போடுகிற அதே அக்காதான். ஆனால் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, யாரோ ஒருவர் இவளைத் தேடிக் கப்பலிலிருந்து இறங்கி வரலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது. இத்தனை நாள் நான் சொல்லிக்கொண்டிருந்தது உண்மை! லென்ஸ்தான்! லென்ஸேதான்!

என் பாக்கெட்டில் ஒரு பிலிம் ரோல் எப்போதும் இருக்கும்.

மிஸ் டான் யாருக்கோ விலை பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். ஜப்பான்காரர் தண்ணீர் குடிக்கத் திரும்பினார். நான் கேமராவின் பின்கதவைத் திறந்தேன்.

'டக்.'

சின்னச் சத்தம்தான். ஆனால் அந்த ஹால் முழுக்கப் போட்டோக்காரர்கள். அந்தச் சத்தம் எதனுடையது என்று அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை தலையும் திரும்பியது. "சார்! சார்! கேனாட்!" என்று மிஸ் டான் கத்தினார். ரோல் விரலிலிருந்து நழுவி, பிலிம் மீ நூடுல்ஸ் மாதிரி நீளமாக அவிழ்ந்து தரையில் ஓடியது.

அதே நேரம் அம்மா என்ன செய்தார்? மகன் கேமராவுக்குப் பின்னால் மும்முரமாக ஏதோ செய்வதைப் பார்த்தார். ஆரம்பித்துவிட்டான் என்று புரிந்துகொண்டார். மகளின் நல்ல காரியம். புத்தம் புதுச் சாமான். கைப்பையிலிருந்து சின்ன டப்பாவைத் திறந்தார். பதறிப்போய்க் கேமராவில் கண்ணை வைத்த எனக்குத் தெரிந்தது அம்மாவின் மோதிர விரல்தான். மாம்பழம் அளவில் நெருங்கி வந்தது. பிறகு உலகம் சந்தன நிறமாகிவிட்டது. அதன்மேல் குங்குமம் வந்து, சிவந்து, முழுக்க இருண்டது.

ஜப்பானிலிருந்து மடியில் உட்கார்ந்து வந்த லென்ஸின் நட்ட நடுவில், எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் இருப்பது போலவே ஒரு பொட்டு.

"ஹோய்! ஜங்கான் பெகாங்!" தொடாதே என்று கத்திக்கொண்டே ஜாகா பாய்ந்து வந்தார். என் டையைப் பிடித்து இழுத்தார். எலாஸ்டிக் அல்லவா? டை மட்டும் அவரோடு போனது. நான் அங்கேயே நின்றேன். அவர் இன்னும் இழுத்தார். அது இன்னும் நீண்டது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே துணி காயப்போடலாம் போல ஒரு கயிறு.

அக்கா சிரித்துவிட்டாள்.

போட்டோவுக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. பாக்டரி கேன்டீனில் தோழிகளோடு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. தலை பின்னால் சாய்ந்து, கண் சுருங்கி, கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எங்கேயோ பக்கத்தில் ஒரு பிளாஷ் மின்னியது. ஜாகா திடுக்கிட்டு டையை விட்டார். அது 'சப்'பென்று என் தொண்டையில் வந்து அடித்தது.

ஜப்பான்காரர் மெதுவாக நடந்து வந்து, குனிந்து, பொட்டைப் பார்த்தார். இந்த மனுஷன் இப்போது அழுவார் என்று நினைத்தேன். அம்மாவுக்கு அந்தக் கவலையே இல்லை. பாசா சந்தையில் மீன்காரரிடம் பேசும் மலாயில் விளக்கினார்: புதுச் சாமான், முதலில் சாமி கும்பிட வேண்டும், அப்புறம்தான் நல்லபடியாக ஓடும். மிஸ் டான் வேர்த்து வழிய அதை இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார். அவர் கவனமாகக் கேட்டார். கையுறையைக் கழற்றினார். அம்மாவுக்கு முன்னால் இடுப்புவரை வளைந்து வணங்கினார். தங்கள் பாக்டரியிலும் புது மெஷின் வந்தால் பூசாரியைக் கூப்பிட்டு இப்படித்தான் ஏதோ செய்வார்களாம். இந்த லென்ஸுக்கு மட்டும் அவசரத்தில் விட்டுப்போனதாம்.

அம்மா கைகூப்பினார். அவர் மறுபடி குனிந்தார். அம்மா மறுபடி கூப்பினார். என்னமோ சடங்கு நடக்கிறது என்று அத்தையும் முறுக்குத் தோம்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். திறந்து கிடந்த கேமராவையும் தரையில் கிடந்த பிலிமையும் பார்த்தார். முகம் மாறியது. விரலை நீட்டினார். அது வாசலைக் காட்டியது.

பஸ் கிளம்பியபோது நான் கடைசிச் சீட்டில் போய் உட்கார்ந்தேன். அத்தனை பெரிய பஸ்ஸில் நாங்கள் ஐந்து பேர்தான், ஆளுக்கொரு மூலை.

"நல்ல மனுசன்லா அந்த ஜப்பான்காரரு" என்றார் அம்மா.

"உன் மவன் என்ன மனுசன்னு கேளு மொதல்ல" என்றார் அத்தை. "இப்ப நான் என்னத்தைத் தூக்கிக்கிட்டுப் போறது? முறுக்கையா காட்டுறது, இதுதான் பொண்ணுன்னு?"

ஞாயிற்றுக்கிழமை. டவுன் ஸ்டுடியோ பூட்டியிருக்கும். என் ரோல் வெளிச்சம் பட்டுச் செத்துவிட்டது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, தலையிலிருந்த மல்லிகையை ஊசி ஊசியாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"விடுங்க அத்தை" என்றாள். "பரவாயில்ல."

என்னைப் பார்த்து "ரிஜெக்ட்" என்று அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் "பரவாயில்ல"தான் தாங்கவில்லை. என் கால் ஆடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

டவுனுக்குள் நுழையும் சிக்னலில் பஸ் நின்றது. அப்பா டேஷ்போர்டிலிருந்து எதையோ எடுத்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

"டேய் பாலா. இந்த விளையாட்டுச் சாமான்ல படம் வருமாடா?"

நான் முன்சீட்டுவரை ஓடினேன்.

ஒரு மணி நேரத்தில் கழுவித் தரும் கடை ஒன்று ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. அட்டைக் கேமராவைக் கொடுத்துவிட்டு அந்தக் கடை வாசலில் நான் நடந்த நடை, நியாலாஸுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். அத்தை பஸ் ஸ்டேசன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். படங்கள் வந்தன. கூரை விளக்கு. கறிபாப். அத்தையின் முதுகு. அப்பாவின் கால் சப்பாத்து. மறுபடி கறிபாப். அப்புறம், ஒன்று.

அக்கா அதில் நடுவில் இருந்தாள். முழுசாக, இரண்டு கண்ணும் வெளிச்சமாக, சிரித்துக்கொண்டு. பின்னால் எதுவும் கலங்கவில்லை. எல்லாமே பளிச்சென்று நின்றன. இடது பக்கம் அம்மா, குங்கும டப்பாவோடு. வலது பக்கம் நான், வாயைத் திறந்துகொண்டு. என் கழுத்திலிருந்து ஜாகாவின் கைவரை நீண்ட டை. கீழ் மூலையில், பிளாஷ் வெளிச்சத்தில் வாழைப்பழம் மாதிரி பெரிசாக, அப்பாவின் கட்டை விரல்.

"ஐயோ, இதை அனுப்ப முடியாது" என்றேன். "நான் ஓரத்தை வெட்டித் தர்றேன். ஜாகாவை எடுத்துரலாம், என்னையும் எடுத்துரலாம்."

"உன்னை வெட்டுனா அக்கா கையும் சேர்ந்து போகும்டா" என்றார் அப்பா, விரலைப் படத்தில் வைத்துப் பார்த்து.

அக்கா படத்தை வாங்கினாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, பாக்டரியில் பார்ப்பதுபோல மெதுவாகப் பார்த்தாள். பாதியில் மறுபடி அதே சிரிப்பு வந்துவிட்டது.

"பாஸ்" என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பைத்தியமாடி உனக்கு?" என்றார் அம்மா.

"வர்றவன் இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துட்டே வரட்டும்மா. அப்புறம் வந்து, சொல்லலையேன்னு கேக்கக் கூடாதுல்ல?"

அத்தை அதற்குமேல் யாரையும் பேசவிடவில்லை. படத்தைப் பிடுங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, முறுக்குத் தோம்போடு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். (ஹோட்டலில் விட்டுவந்த என் மோட்டரை மறுநாள் அப்பாதான் போய் எடுத்துவந்தார். அந்த ஜாகா இருக்கும்வரை எனக்கு அந்தப் பக்கம் வழியில்லை.)

அந்த வாரமே போன் வந்தது. மாப்பிள்ளை கப்பல் ஏறுவதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டு வந்தார். நான் மாடியை விட்டு இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். அக்கா காப்பித் தட்டோடு படியடியில் நின்று, "நீ இல்லாம படம் பாதிடா, வா" என்று கூப்பிட்டாள். இறங்கினேன். மாப்பிள்ளையின் அப்பா எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பினார். "இதுதானா அந்தக் கட்டை விரலு? ஒரே படத்துல குடும்பத்தையே காட்டிட்டீங்களே, சம்பந்தி!" என்றார். சம்பந்தி என்று அவர் சொன்னதும் அம்மா சந்தன டப்பாவைத் தேடி உள்ளே ஓடினார்.

மாப்பிள்ளை அக்காவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஜாகா வரலையா?" என்று கேட்டார்.

அக்கா அதே சிரிப்பைச் சிரித்தாள்.

இப்போது அந்தப் படம் சுங்கை பட்டாணியில் அவர்கள் வீட்டு ஹாலில், கல்யாணப் படத்தைவிடப் பெரிசாகத் தொங்குகிறது. எண்பத்தைந்து மில்லி லென்ஸ் பிறகு கடைக்கு வந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. வேலை கிடைத்து ஓர் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். (கால் ஆடுகிறது. பக்கத்து மேசைக்காரி புகார் கொடுத்திருக்கிறாள்.) வீட்டு விசேஷங்களுக்கு மட்டும் பழைய கேமராவைத் தூக்குகிறேன். போன மாதம் அக்கா மகளுக்குக் காது குத்தினார்கள். எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, கேமராவைக் கண்ணில் வைத்தேன். அம்மா டப்பாவோடு என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். காது குத்தின வலியில் கத்திக்கொண்டிருந்த பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது.

"கொஞ்சம் இரு மச்சான்" என்றார் அத்தான். "ஜாகா வந்துரட்டும்."